கேட்வாக்கில் வருவதை யார் உடுத்துவார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேஷன் வாரம் வந்துவிட்டால் கைப்பேசி முழுக்க ஒரே மாதிரிப் படங்கள்தான். சிங்கத் தலை வைத்த கவுன், உடம்பின் மேல் ஸ்ப்ரே அடித்தே உருவான கவுன், தலைகீழாகத் தொங்கும் கவுன். கீழே ஒரே கேள்வி: இதையெல்லாம் யார் போடுவார்கள்? அந்தக் கேள்வியும் அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளும் இங்கே. உடுத்தக்கூடிய உடைகள்மேல் எனக்குப் பிரியம் அதிகம். அதை மறைக்காமலேதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

மேடையில் வருவதை நிஜத்தில் யாராவது உடுத்துகிறார்களா?

ஆமாம், நாம் நினைப்பதைவிட அதிகம். ஒரு ஷோவில் முப்பது நாற்பது லுக்குகள் (ஒரு மாடல் தலை முதல் கால் வரை உடுத்தி வரும் முழுக் கோலம்) வரும், சில சமயம் இன்னும் கூடுதலாகவே வரும். பெரும்பாலானவை கோட், பேன்ட், சட்டை, ஸ்வெட்டர், ஸ்கர்ட்தான். நம் கண்ணுக்கு வந்து சேர்வது அவற்றில் விசித்திரமான ஒன்றிரண்டு மட்டும், ஏனென்றால் பகிரப்படுவது அவைதான். ஏதாவது ஒரு டிசைனரின் ஷோவை முதல் லுக்கிலிருந்து கடைசி வரை வரிசையாகப் பாருங்கள். நாளைக்கே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகக்கூடிய ஏழெட்டு உடைகளாவது கண்ணில் படும்.

அப்படியானால் அந்த ஒன்றிரண்டு எதற்கு?

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1858-இல் பாரிஸில் கடை தொடங்கிய சார்ல்ஸ் ஃப்ரெடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர், உடையைப் பொம்மையில் மாட்டிக் காட்டாமல் உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டினார். நோக்கம் எளிது: துணி நடக்கும்போது எப்படி விழுகிறது என்று வாடிக்கையாளர் பார்க்க வேண்டும். அடுத்த நூறு வருடம் ஷோ என்பது பெரும்பாலும் ஒரு வரவேற்பறையில் நடக்கும் அமைதியான விற்பனைதான். மாடல் கையில் எண் அட்டையோடு நடப்பார், பார்ப்பவர்கள் பிடித்த எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.

அந்த அறைக்குள் கேமரா வந்ததும் கதை மாறியது. வாங்குபவர் எதிரே உட்கார்ந்திருக்கும்வரை நல்ல தையல் போதும். பல ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் ஒரு நொடி பார்க்கும் படத்துக்கு அது போதாது. 1984-இல் டிசைனர் தியெரி முக்லர் பாரிஸின் ஸெனித் அரங்கில் சுமார் 6,000 பேருக்கு முன்னால் ஷோ நடத்தினார். பொதுமக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். விற்பனைக் காட்சி அன்றைக்கு முழு நாடகமாகிவிட்டது.

பணக் கணக்கும் இருக்கிறது. பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் பலவற்றுக்கு வருமானம் மேடையில் வரும் கவுனிலிருந்து வருவதில்லை. வாசனைத் திரவியம், கைப்பை, காலணி, கண்ணாடி, லிப்ஸ்டிக் ஆகியவற்றிலிருந்து வருகிறது. பெரும்பாலும் மேடைக்கு வராத, இரண்டு பெரிய சீசன்களுக்கு இடையே வரும் ‘ப்ரீ-கலெக்‌ஷன்’ என்ற தொகுப்புகளும் உண்டு. கடையில் நீண்ட நாள் தொங்கி நிதானமாக விற்பவை அவைதான். மேடையில் வரும் அந்த விசித்திரமான உடை, அதாவது ஷோபீஸ், இவை எல்லாவற்றுக்கும் பெயரைச் சுமந்து தருகிறது. விளம்பரம் என்று சொன்னால் தவறில்லை. ஆனால் விளம்பரம் மட்டும்தானா என்பதற்கு இன்னும் கீழே வருகிறேன்.

ஓத் கூத்யூர், ரெடிமேட் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓத் கூத்யூர் என்பது பிரான்ஸில் 1945 முதல் சட்டப் பாதுகாப்புள்ள பெயர், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. பாரிஸில் சொந்தப் பட்டறை வேண்டும். ஒவ்வொரு உடையும் ஒருவருக்கென்று அளவெடுத்து, பொருத்திப் பார்த்து, பெரும்பாலும் கையாலேயே தைக்கப்படும். வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தொகுப்பைக் காட்ட வேண்டும். நீங்கள் பார்த்த மிக விசித்திரமான படங்கள் பலவும் இந்த இரண்டு மாதங்களில் வந்தவையாக இருக்கும்.

ரெடிமேட் ஷோக்கள் பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்ற வரிசையில் நடக்கின்றன. இவை அளவு வாரியாகத் தைக்கப்பட்டுக் கடைக்கு வருபவை. ஆகவே ஓத் கூத்யூர் உடையைப் பார்த்து “இது கடையில் எப்படி விற்கும்?” என்று கேட்பதில் பொருளில்லை. அது கடைக்கே வராது.

உடுத்தவே முடியாது என்று சொல்லிக்கொண்டே ஒருவர் உடை காட்டினாராமே?

பாக்கோ ரபான் என்ற டிசைனர். 1966 பிப்ரவரியில் பாரிஸில் அவர் காட்டிய தொகுப்பின் தலைப்பே ‘நவீனப் பொருட்களால் ஆன, உடுத்த முடியாத பன்னிரண்டு உடைகள்’ என்பதுதான். பிளாஸ்டிக் வில்லைகளையும் உலோகத் தகடுகளையும் வளையங்களால் கோத்திருந்தார். ஊசி நூலுக்கு வேலை இல்லை, இடுக்கிதான் கருவி.

எனக்கு இந்தத் தொகுப்பின் நேர்மை பிடிக்கும். உடை என்றால் துணியும் நூலும்தானா என்று கேட்டுவிட்டு, இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் போட்டுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். பாடகி ஃபிரான்ஸ்வாஸ் ஆர்தி அவருடைய உலோக உடைகளில் தோன்றினார். தகடுகளைக் கோக்கும் அதே முறையில் செய்த கைப்பை இன்றும் அந்த நிறுவனத்தின் அடையாளம்.

மேடையில் சிரிக்கப்பட்ட ஏதாவது அன்றாட உடையாக மாறியிருக்கிறதா?

நிறைய. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் டிசைனர் அலெக்ஸாண்டர் மெக்வீன் 1990-களின் தொடக்கத்தில் ‘பம்ஸ்டர்’ என்ற பேன்ட்டைக் காட்டினார். இடுப்பிலிருந்து வெகுவாகக் கீழே இறங்கி, முதுகுத்தண்டின் அடிப்பகுதி தெரியும்படி வெட்டப்பட்டது. அப்போது அது அசிங்கம் என்று திட்டு வாங்கியது. பத்தாண்டு முடிவதற்குள் இடுப்புக்குக் கீழே நிற்கும் ஜீன்ஸ் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பம்ஸ்டர் அளவுக்கு யாரும் கீழே போகவில்லை, ஆனால் எல்லோரும் அந்தத் திசையில் நகர்ந்தார்கள். மேடையில் எட்டு அடி பாய்ந்தது தெருவில் இரண்டு அடியாக வந்து நிற்கும்.

பெல்ஜிய டிசைனர் மார்ட்டின் மார்ஜியேலா தன் முதல் ஷோவை 1988-இல் நடத்தினார். பெருவிரல் தனியாகப் பிரிந்த ‘தபி’ பூட்ஸ் அதில்தான் வந்தது. மாடல்கள் அந்தக் காலணியின் அடியில் சிவப்புப் பெயின்ட்டோடு வெள்ளைத் துணி விரித்த மேடையில் நடந்தார்கள், தடம் தடமாகப் பதிந்தது. பார்த்தவுடன் முகம் சுளிக்க வைக்கும் வடிவம்தான். ஆனாலும் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. கொள்கையாக வாங்குபவர்கள் இருக்கலாம், ஆனால் பலர் வசதியாக இருப்பதால்தான் வாங்குகிறார்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமான உதாரணம் ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகேயின் மடிப்புத் துணி. வழக்கமாகத் துணியை முதலில் மடிப்பு வைத்துவிட்டு, பிறகு வெட்டித் தைப்பார்கள். மியாகே வரிசையை மாற்றினார். உடையை வேண்டிய அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தைத்து முடித்து, பிறகு காகிதத்துக்கு நடுவே வைத்து வெப்பத்தில் அழுத்தினார். பாலியெஸ்டர் அந்த மடிப்பை மறப்பதில்லை. மேடையில் முதலில் இது காகித விளக்குகள் நடந்து வருவது போலத் தெரிந்தது. நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் நடனக் கலைஞர்களுக்கு இதே முறையில் உடை செய்து கொடுத்தபோதுதான், உடம்பு எப்படி அசைந்தாலும் துணி கூடவே வருகிறது என்பது தெளிவானது. 1993-இல் ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ என்ற தனி வரிசையாகக் கடைக்கு வந்தது. இயந்திரத்தில் துவைக்கலாம், இஸ்திரி வேண்டாம், சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பயணம் போகலாம், உடல் கொஞ்சம் பெருத்தாலும் இளைத்தாலும் அப்படியே பொருந்தும். இதைவிட உடுத்தக்கூடிய உடையை எனக்குத் தெரியாது. அது மேடையின் மிகை வழியாகத்தான் வந்தது.

எளிமையான உடை கேட்வாக்கில் எடுபடாதா?

எடுபடும். சில சமயம் ஊரையே கலக்கிவிடும். 1992 நவம்பரில் பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக டிசைனர் மார்க் ஜேக்கப்ஸ் காட்டிய தொகுப்பில் கட்டம் போட்ட சட்டை, கம்பளித் தொப்பி, பூப்போட்ட மெல்லிய உடை, தடித்த பூட்ஸ் எல்லாம் வந்தன. இசைக் குழு இளைஞர்கள் பழைய துணிக் கடையில் வாங்கிப் போடும் கோலம். ஆனால் ஃபிளானல் (மென்மையான தடித்த துணி) போலத் தெரிந்த சட்டைகளில் பட்டுத் துணியும் இருந்தது. விமர்சகர்கள் கொதித்தார்கள், அவருக்கு வேலை போனது. சாதாரண மனிதர்கள் தெருவில் உடுத்துவதை மேடையில் வைத்ததற்காகவே ஒருவர் தண்டிக்கப்பட்டார். இன்று ஃபேஷன் வரலாறு பேசுபவர்கள் யாரும் அந்தத் தொகுப்பைத் தாண்டிப் போவதில்லை.

இன்னொன்று, 2022 செப்டம்பரில் போட்டேகா வெனேட்டாவுக்காக மத்தியூ பிளாஸி காட்டியது. மாடல் கேட் மாஸ் கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு சும்மா நடந்து வந்தார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, சட்டையும் பேன்ட்டும் மென்மையான தோலில் செய்து, அச்சு வேலையால் துணி போல் தெரிய வைக்கப்பட்டவை என்று. இதுவும் ஆடம்பரம்தான், அதுவும் பெரிய ஆடம்பரம். கண்ணுக்குத் தெரியாமல், போட்டிருப்பவரின் தோலுக்கு மட்டும் தெரியும் ஆடம்பரம்.

2009 அக்டோபரில் செலின் நிறுவனத்துக்காகத் தன் முதல் ஷோவைக் காட்டிய ஃபீபி ஃபைலோவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேரான வெட்டு, நல்ல தோல், அடக்கமான நிறங்கள், நடந்தால் தடுக்காத நீளம். வேலைக்குப் போகும் பெண்ணை மனதில் வைத்து ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது ஒவ்வொரு லுக்கிலும் தெரிந்தது.

உடுத்தக்கூடியதை வடிவமைப்பதில் அப்படி என்ன பெரிய கலை இருக்கிறது?

அதுதான் கடினமான கலை என்பது என் உறுதியான எண்ணம். ஷோபீஸ் மேடையில் சில நிமிடம் தாங்கினால் போதும். அன்றாட உடை உட்காரும்போது, கை தூக்கும்போது, பேருந்தில் ஏறும்போது, இருபதாவது முறை துவைத்த பிறகும் ஒழுங்காக நிற்க வேண்டும். பலவித உடம்புகளுக்கும் பொருந்த வேண்டும். இத்தனைக்கும் மேல் அழகாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்க டிசைனர் கிளேர் மெக்கார்டெலைப் பாருங்கள். 1942-இல் போர்க் காலம். வீட்டு வேலையையும் தானே பார்த்துக்கொண்டு விருந்தினரையும் வரவேற்க வேண்டிய பெண்களுக்காக ‘பாப்ஓவர்’ என்ற சுற்றிக் கட்டும் டெனிம் உடையைச் செய்தார். பெரிய பாக்கெட், கூடவே சூடு தாங்கும் அடுப்புக் கையுறை. விலை 6.95 டாலர். பெண்கள் உடையில் பாக்கெட் வேண்டும் என்பதை அவர் அலங்காரமாகப் பார்க்கவில்லை, தேவையாகப் பார்த்தார். இன்றும் எத்தனையோ பெண்கள் உடையில் கைவிட்டுப் பார்த்தால் பாக்கெட் இருக்காது, தைத்து மூடிய பொய் வாய் மட்டும் இருக்கும். இது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைக்கும் விஷயம்.

அப்படியானால் மேடையில் நடக்கும் எல்லாவற்றையும் கலை என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். செட், இசை, பிரபலம், ஒப்பனை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். உடம்பைப் பற்றியோ துணியைப் பற்றியோ வெட்டைப் பற்றியோ ஏதாவது யோசனை மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அந்த மிகைக்கு மதிப்பு உண்டு.

கொம் தெ கார்ஸோன் நிறுவனத்தின் ரெய் கவாகுபோ 1997 வசந்த காலத்துக்காகக் காட்டிய உடைகளில் முதுகிலும் இடுப்பிலும் பெரிய புடைப்புகள் இருந்தன. பலருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் பெண் உடம்பு எந்த இடத்தில் பெருக்க வேண்டும், எந்த இடத்தில் சிறுக்க வேண்டும் என்று உடைகள் காலங்காலமாக முடிவு செய்து வந்திருக்கின்றன. அந்த முடிவை அவர் அப்படியே கலைத்துப் போட்டார். இது சோதனையில் தேறுகிறது. அதே ஆண்டு மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழுவுக்கும் அவர் இந்த வழியில் உடை செய்தார்.

2022 செப்டம்பரில் கோபெர்னி ஷோவில் மாடல் பெல்லா ஹடீட் மேல் ஸ்ப்ரே அடித்துச் சில நிமிடங்களில் வெள்ளை உடை உருவாக்கினார்கள். வெறும் வித்தை என்று பலர் ஒதுக்கினார்கள், நான் ஒதுக்க மாட்டேன். மானெல் டோரெஸ் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய திரவம் அது. இழைகள் கலந்த அந்தத் திரவம் உடம்பில் பட்டதும் உலர்ந்து துணியாகிறது. தறியும் தையலும் இல்லாமல் துணி உண்டாக முடியும் என்று காட்டியது பெரிய விஷயம்.

சிங்கத் தலை? 2023 ஜனவரியில் ஸ்கியாப்பரெல்லி ஷோவில் டேனியல் ரோஸ்பெரி காட்டியது. ஃபோம், ரெஸின், செயற்கை முடி கொண்டு கையால் செய்த தலை. கைவேலை அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலையை எடுத்துவிட்டால் கீழே இருப்பது எளிய கறுப்புக் கவுன். யோசனை உடையின் மேல் உட்கார்ந்திருந்தது, உடைக்குள் இல்லை. அதே தொகுப்பில் அருமையாக வெட்டிய கோட்டுகள் இருந்தன, அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய எல்ஸா ஸ்கியாப்பரெல்லி ஓவியர் சல்வதோர் டாலியோடு சேர்ந்து காலணி வடிவத் தொப்பி செய்தவர். விசித்திரம் அவர் ரத்தத்திலேயே இருந்தது. ஆனால் வெளியே தெரியும் ஜிப்பை உயர்ரக உடைகளில் 1930-களிலேயே துணிந்து வைத்தவரும் அவர்தான். விசித்திரத்தையும் பயனையும் ஒரே கை செய்தது.

மாடல்களின் நிலை?

இங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை. 1993-இல் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட் ஷோவில் 20 செ.மீ.க்கும் உயரமான காலணியில் மாடல் நவோமி கேம்ப்பெல் விழுந்தார். சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார், அந்தக் காலணி இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2009 அக்டோபரில் மெக்வீன் ஷோவில் வந்த ‘ஆர்மடில்லோ’ காலணிகள் 30 செ.மீ. அளவுக்கு உயரம், சில மாடல்கள் அதைப் போட்டு நடக்கவே மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரி. எவ்வளவு பெரிய கற்பனையாக இருந்தாலும் சரி, நடப்பவர் கணுக்கால் அதற்கு விலையாகக் கூடாது. மாடல்கள் உடல்நலச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் பிரான்ஸில் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும்.

மேடையில் பார்த்தது கடையில் வேறு மாதிரி இருக்கிறதே?

வேண்டுமென்றே மாற்றுவார்கள். உள்ளே தெரியும் துணிக்கு லைனிங் வைப்பார்கள், நீளத்தைக் கூட்டுவார்கள், கழுத்தை மேலே ஏற்றுவார்கள், கனமான வேலைப்பாட்டைக் குறைப்பார்கள், அடியில் போட்ட செயற்கைப் பட்டைகளை எடுத்துவிடுவார்கள். கடைகளுக்காக வாங்குபவர்கள் ஷோ முடிந்ததும் ஷோரூமுக்குப் போய்த்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரும்பாலும் இந்த மாற்றங்கள் அங்கே பேசி முடிவாகின்றன.

ஆண்கள் உடையிலும் இதே கதைதானா?

ஏறக்குறைய. டியோர் நிறுவனத்தின் ஆண்கள் பிரிவுக்காக 2001 முதல் டிசைனர் ஹெடி ஸ்லிமேன் காட்டிய ஒட்டிய சூட்டும் குச்சி போன்ற பேன்ட்டும் அன்றைக்கு மிகையாகத் தெரிந்தன. சில வருடங்களில் சாதாரண அலுவலக சூட்டே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

எது உடுத்தக்கூடியது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

காலம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 1966-இல் டிசைனர் இவ் சான் லோரான், ஆண்கள் விருந்துக்கு அணியும் டக்ஸிடோ சூட்டைப் பெண்களுக்காக வெட்டி ‘லெ ஸ்மோக்கிங்’ என்று காட்டினார். அளவெடுத்துத் தைத்துக்கொள்ளும் பணக்கார வாடிக்கையாளர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு அவர் திறந்த ‘ரிவ் கோஷ்’ ரெடிமேட் கடையில் இளம் பெண்கள் வாங்கினார்கள். பேன்ட் போட்ட பெண்ணை உணவகத்துக்குள் விட மறுத்த காலம் அது. 1947-இல் கிறிஸ்டியன் டியோரின், இடுப்பு ஒடுங்கி ஸ்கர்ட் அகல விரிந்த ‘நியூ லுக்’ எதிர்ப்பைச் சந்தித்ததற்கும் வடிவம் மட்டும் காரணமில்லை. போரில் துணிப் பங்கீட்டைப் பார்த்துப் பழகியவர்கள் முன்னால் அவ்வளவு மீட்டர் துணியை ஒரு ஸ்கர்ட்டில் விட்டார் என்பதே கோபத்துக்குக் காரணம்.

எனக்கு அவ்வளவு விலை கொடுக்க முடியாது. இதைப் பார்த்து எனக்கு என்ன பயன்?

உடையை வாங்க முடியாது, ஆனால் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு லுக் பிடித்தால் ஏன் பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். தோள் உங்கள் தோளோடு முடிகிறதா, தாண்டி விழுகிறதா? இடுப்புக் கோடு எங்கே நிற்கிறது? பேன்ட்டின் கீழ் விளிம்பு கணுக்காலைத் தொடுகிறதா, காலணியை மூடுகிறதா? மேல் உடை பெரிதாகவும் கீழ் உடை ஒட்டியும் இருக்கிறதா, தலைகீழாகவா? பாதி நேரம் உங்களைக் கவர்ந்தது இப்படி ஒரே ஒரு விஷயமாக இருக்கும். அதை உங்களிடம் ஏற்கனவே இருக்கும் உடைகளிலேயே செய்து பார்த்துவிடலாம்.

தையல்காரரிடம் போவதாக இருந்தால் ஒரு படம் போதாது, முன்பக்கம், பின்பக்கம், நடக்கும்போது எடுத்தது என மூன்று கோணங்களில் கொண்டு போங்கள். துணி வாங்கும்போது நிறத்தைவிடக் கனத்துக்கு முக்கியத்துவம் கொடுங்கள். தடித்த கம்பளியில் நின்ற வடிவம் மெல்லிய காட்டனில் நிற்காது, சரிந்துவிடும். மாடலின் உயரம் உங்களுக்கு இருக்காது என்பதால் கோட்டின் நீளத்தைப் படத்தைப் பார்த்துச் சொல்லாமல், முழங்காலுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்று உங்கள் உடம்பில் அளந்து சொல்லுங்கள். அப்புறம், பாக்கெட் கேட்க மறக்காதீர்கள்.